குளக்கட்டில் எடுத்த படம்

பிள்ளைகளா, நாளைக்கு உங்கள் சின்னத்தை கல்யாணத்துக்கு முன் படம் எடுக்கிற பிரீ ஷூட்டுக்குத் துணையாகப் போவது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மகன் என் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவிட்டான். மகள் கவுனை அயர்ன் பண்ணி நாற்காலியில் தொங்கப்போட்டிருக்கிறாள். பெரிய தாத்தா உங்களைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்ன புத்தியையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “ரெண்டு பேரையும் தனியா விட்டுறாதீங்க. கண்ணு அங்கயே இருக்கணும்.”

அந்தப் பெரிய தாத்தா என் மாமா, என் அம்மாவின் அண்ணன். நான் மகன் அளவில் இருந்தபோது எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அன்றைக்குப் படம் எடுக்கப் போனது சின்னத்தையின் அம்மா, என் சித்தி. அந்தப் படம்தான் உங்கள் அப்பாயி வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதன் கதையை நீங்கள் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாயால் சொன்னால் மகள் குறுக்கே நூறு கேள்வி கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு இருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை குடிக்கத் தொடங்கிய பிறகு அது வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எனக்கு அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தார்கள். சித்தி ஒல்லி, அதனால் சத்துக்குக் குடிக்கிறாள் என்று நானும் நம்பினேன். சித்தியைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடம், வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்த பஸ்ஸில் போய்விட்டது. மூன்றாவதாகப் பலாபத்வலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தபோது, மாமா ஒரே முடிவாக இருந்தார். கல்யாணம் முடிகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சித்தி அதைவிடப் பிடிவாதமாக இருந்தாள். அவருக்குச் சொல்லாமல் கோயில் படி ஏற மாட்டேன் என்றாள்.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் தாத்தா, அவருடைய அப்பா, செத்த பிறகு இரண்டு தங்கச்சிகளையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். உக்குவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சித்தி மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். நிச்சயம் ஆனவுடன் மாமா அந்த வேலையை நிறுத்திவிட்டார். கல்யாணப் பெண் பஸ்ஸில் அலையக் கூடாதாம். உண்மையான காரணம், மாப்பிள்ளை கடைப்பக்கம் வந்துவிட்டால் சித்தி சொல்லிவிடுவாள் என்பதுதான். தோட்டத்தில் அப்போது யார் கையிலும் போன் கிடையாது. கடிதம் போட்டால் அங்கே மாப்பிள்ளையின் அம்மா பிரித்துப் படிக்கிற ஆள். ஆகவே சித்தி தன் சொந்த மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசிக்கத் தொடங்கினார்கள். பெயரை வாசித்துவிட்டு, “இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும்” என்று சாமியார் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் சித்தி என் கையை நசுக்கினாள் பாருங்கள், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. “தடைன்னா என்னாம்மா?” என்று கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் தொடை. அன்றைக்குப் பூசையில் அதிகமாகப் பாடுபட்டவன் நான்தான்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. கல்யாணத்தன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கிற படம் போட்ட நன்றி அட்டை அடிக்க வேண்டுமாம். அதற்கு முன்கூட்டியே படம் எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் அப்படி யாரும் எடுத்ததில்லை.

“தாலி கட்டுறதுக்கு முன்னுக்கு ஒன்னா நின்னு படமா? சனம் என்னா சொல்லும்?” என்றார் மாமா.

“அவங்க வீட்டுல கேக்குறாங்கண்ணே. இல்லன்னு சொன்னா, ஏன் பொண்ண காட்ட மாட்டேங்கிறாங்கன்னு யோசிப்பாங்க” என்றாள் சித்தி. அவள் மாமாவிடம் நிமிர்ந்து பேசியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

மாமா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். மாட்டிக்கொண்டார். அட்டைக்கு இல்லையென்று சொன்னால் சந்தேகம் வரும். சரியென்றால் சித்தி வாயைத் திறப்பாள். கூட ஒரு ஆளை அனுப்பினால்தான் சரி. அம்மா தான் போவதாகச் சொன்னாள்.

“நீயா? அவ கண்ண கசக்குனா நீ அவளுக்கு முன்னுக்கு அழுவ” என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். “இவன அனுப்பு. இவன் சொன்னத செய்வான்.”

அது எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. மாமா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தார்.

“சித்தி முந்தானைய விடாத. அங்க போ இங்க போன்னு சொல்லுவாங்க, போகாத. என்னா பேசுனாங்கன்னு ஒன்னு விடாம வந்து சொல்லணும். செய்வியா?”

“செய்வேன் மாமா.”

படம் பிடிக்க வந்தவர் மாத்தளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு சிங்களவர்; மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். தாடி வைத்த, நல்ல உயரமான ஆள். அவரே வேன் ஓட்டிக்கொண்டு வந்தார். பலாபத்வலையில் மாப்பிள்ளையை ஏற்றினோம். அவர் அங்கே ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. பென்சில் மாதிரி மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெரிய பை. ஏறினவர் சித்தியைப் பார்க்க வெட்கப்பட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கிறவன் சிரிக்கலாமா?

நாவுலைக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு குளம். கட்டு நீளமாக இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். மாத்தயா காமிராவை மூன்று கால் ஸ்டாண்டில் பூட்டி வைத்துவிட்டு இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார். நின்றார்கள். நானும் நின்றேன். சித்தியின் முந்தானை என் கையில்.

“மல்லி, கொஞ்சம் அங்கிட்டு போங்க” என்றார் மாத்தயா. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவர் தமிழ் அவ்வளவுதான், ஆனால் மரியாதையான தமிழ்.

“மாட்டேன்.”

“மல்லி வந்தா போட்டோ பழுது.”

“மாமா விட வேணாம்னு சொன்னாங்க.”

சித்தி குனிந்து, “ராசா, வேன்ல தண்ணி போத்தல் இருக்கு, எடுத்துட்டு வா தங்கம்” என்றாள். தாகம் எடுத்தால் எல்லோரும் சேர்ந்து போகலாம் என்றேன். வயல் ஓரத்தில் ஒரு பூ இருக்கிறது, பறித்துக்கொண்டு வா என்றாள். அதற்கும் அசையவில்லை. மாப்பிள்ளை தன் பங்குக்கு, “மகன், அங்க போய் பாருங்க, இவ்வளவு பெரிய மீன்” என்று கையை விரித்துக் காட்டினார். எனக்கு மீன் என்றால் பைத்தியம். கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கால் நகரவில்லை.

“இது மகன் இல்ல, பொலிஸ்” என்றார் மாப்பிள்ளை. மாத்தயா வாய்விட்டுச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

மாத்தயா என்னை ஒதுக்கிவிட்டு எடுக்கப் பார்த்தார். மரத்தடியில், மதகுக்குப் பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி என்று பல இடத்தில் நிற்க வைத்தார். ஒரு படத்தில் என் பாதித் தலை. ஒன்றில் என் செருப்பு. ஒன்றில் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இரண்டு காது. பாவம், மனிதர் வியர்த்து விறுவிறுத்துப் போனார்.

கடைசியாகக் கட்டின் நடுவில் நின்றோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேனில் ஏறிவிடுவோம். சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்துவிட்டு, சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் யோசித்த மாமா இதை மட்டும் யோசிக்கவில்லை. துணிக்கடையில் நின்ற சித்திக்கும், ஹார்ட்வேரில் நிற்கிற மாப்பிள்ளைக்கும் சிங்களம் தண்ணீர் மாதிரி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அதில் எண்ணக்கூடத் தெரியாது.

சித்தி சிங்களம் பேசி நான் கேட்டது கடையில் மட்டும்தான். யாராவது துணி கேட்டால், விரித்துப் போட்டு, விலை சொல்லி, சாயம் போகாது என்று சொல்லுவாள். அன்றைக்கும் அதே குரல். கல்யாணச் சட்டைக்குத் துணி பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீளமாகப் பேசினாள். நடுவில் நிற்காமல், கையைக் கூட ஆட்டாமல் பேசினாள்.

மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. விலை அதிகம் போல என்று நினைத்தேன். மாத்தயா காமிராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கைலேஞ்சியை எடுத்துக் காமிராக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சித்தி பேசி முடித்தாள். மாப்பிள்ளை மெதுவாகக் கட்டின் ஓரத்துக்குப் போய், தண்ணீரைப் பார்த்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லத் தெரியாது. மீனைப் பார்க்கிறார் என்று எனக்கு வயிற்றெரிச்சல். என் கையில் இருந்த முந்தானை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளக்காற்று என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டார். சித்தி ஹேண்ட்பேக்கைத் திறந்து சத்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். இன்னும் ஏதோ கேட்டார். சித்தி இரண்டு விரலைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வந்து சித்தியின் பக்கத்தில் நின்றார். முன்னே நின்றதைவிடக் கொஞ்சம் கிட்ட.

மாத்தயா காமிராவுக்குள் பார்த்தார். தலையை வெளியே எடுத்து, பையைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அட்டை பைக்கு மேலே நீட்டிக்கொண்டு வெயிலில் மின்னியது. அதை எடுக்கச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது.

மாப்பிள்ளை பையைத் தொட்டுப் பார்த்தார். “இருக்கட்டும்” என்றார்.

அவ்வளவு பேச்சில் எனக்கு விளங்கிய தமிழ் அது ஒன்றுதான்.

வேனில் திரும்பி வரும்போது சித்தி என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மடியில் உட்காருகிற வயதா எனக்கு? கூச்சமாக இருந்தது. ஆனாலும் முந்தானையை விடவில்லை.

வீட்டு வாசலில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். மாமா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னடா பேசுனாங்க?”

“துணி பத்தி.”

“துணியா?”

“சிங்களத்துல. சித்தி ரொம்ப நேரம் வெல சொன்னாங்க. அவரு வாயே தொறக்கல. அப்புறம் சித்தியோட சத்து மாத்திர அட்டைய வாங்கி அவரு பையில போட்டுக்கிட்டாரும்மா. திருப்பியே குடுக்கல. அவரும் ஒல்லிதானே, அவருக்கும் சத்து வேணும் போல.”

அம்மா கையில் அரிசி புடைக்கிற சுளகு இருந்தது. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அதுக்கப்புறமும் படம் எடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

“எடுத்தாங்க. ஒட்டிக்கிட்டு நின்னாங்க.”

அம்மா ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னிடம்தான் கேட்டார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஒன்னும் பேசலண்ணே. இவன் நந்தி மாதிரி நடுவுல நின்னிருக்கான். அதுக ரெண்டும் வாயே தொறக்கல.”

“நான்தான் சொன்னேனே, இவன் செய்வான்னு” என்று மாமா என் தலையைத் தடவினார். மடியிலிருந்து ஒரு டொபி எடுத்துக் கொடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படித்துக் கொடுத்தவளே அவள்தான். இப்போது அவளே, அதுவும் கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய பொய் சொல்கிறாள். துணி விலையை மாமாவிடம் மறைக்க என்ன இருக்கிறது? டொபி வாயில் இருந்ததால் நான் அதிகம் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் கடைசித் தடவையாகப் பெயர் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லச் சொன்னார். என் கையைத் தயாராக இறுக்கி வைத்துக்கொண்டேன். சித்தி என் கையைத் தொடவே இல்லை. சும்மா நிமிர்ந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நடந்தது. நன்றி அட்டைக்கு மாத்தயா அந்தக் கடைசிப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அதில்தான் என் பாகம் குறைவு. மாமா அதையே பெரிதாக்கச் சொல்லி, எங்கள் வீட்டுக்கும் ஒன்று சட்டம் போட்டுக் கொடுத்தார். ஓரத்தில் தெரிந்த என் கையை மறைக்க, சுற்றிலும் வெள்ளைக் காகித மட்டை வைத்து ஆணி அடித்துக் கொண்டுவந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும், “மாப்பிள்ளை பையில என்னா மின்னுது? பேனாவா?” என்று கேட்பார்கள். மாமா, “ஆமா, நல்ல பேனா” என்பார்.

வருடங்கள் போய்விட்டன. உங்கள் அம்மாவை நான் கட்டிக்கொண்ட அன்றைக்கு, ஹோலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சித்திக்குக் கல்யாண அலைச்சலில் தூக்கமும் இல்லை, மாத்திரையும் தவறிவிட்டது. நின்ற இடத்தில் விழுந்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே கூச்சல். “இரும்பு குடு, இரும்பு குடு” என்று மாமா சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சித்தப்பா, அந்தப் பலாபத்வலை மாப்பிள்ளைதான், அவருக்கு முன்னால் வந்துவிட்டார். சித்தியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தார். “இரும்பெல்லாம் வேணாம் மச்சான். சனத்த கொஞ்சம் விலகச் சொல்லுங்க. இப்ப நின்னுரும்” என்றார். நின்றது. சித்தி கண்ணைத் திறக்கிற வரைக்கும் அவர் அவள் காதுக்குப் பக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்.

மாமா சாவிக்கொத்தோடு அப்படியே நின்றார். “ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?” என்று கேட்டார்.

“படம் எடுத்த அன்னைக்கே.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பட்டு வேட்டியில் நின்ற என்னைப் பத்து வயதுப் பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். மாமா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பந்தியில் பாயாசம் போகவில்லை என்று யாரையோ ஏசப் போய்விட்டார்.

அன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில் சித்தப்பாவிடம் கேட்டேன். குளக்கட்டில் சித்தி சொன்னதை அவர் தமிழில் சொன்னார். வியாதியைச் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படிச் சொன்னாளாம்: “ஒங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. நான்தான் வேணாம்னு சொன்னதா எங்க அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன். ஒங்க பேரு கெடாது.”

“தண்ணியப் பாத்துக்கிட்டு என்னா யோசிச்சீங்க சித்தப்பா?”

“யோசிக்கவா? பயந்துபோய் நின்னேன், மகன்” என்றார். “பயம் போகல. ஆனா அந்தப் பயத்தோட அவ்வளவு நாள் தனியா நின்னது அவதானே. சரி, ரெண்டு பேரா நிப்போம்னு வந்தேன்.”

பிள்ளைகளா, நாளைக்குப் போங்கள். தாத்தா சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் பெரியவர். ஆனால் சின்னத்தை உங்களைப் பூப் பறிக்கச் சொன்னால், போய்ப் பறியுங்கள். மீன் இருக்கிறதென்றால் போய்ப் பாருங்கள். நல்லா நேரம் எடுத்துப் பாருங்கள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

என் கல்யாணம் முடிந்த மறுநாள், எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், நான் மட்டும் அம்மா வீட்டு முன்னறைக்குப் போனேன். படத்தை இறக்கி மேசையில் கவிழ்த்து வைத்து, பின்னால் இருந்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வெள்ளை மட்டையை உருவி எடுத்தேன். அதற்குக் கீழே என் கை இருந்தது. முழங்கை வரைக்கும் ஒரு கறுத்த சின்னக் கை, சித்தியின் முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு. முந்தானை மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது, மற்றதெல்லாம் தெளிவு. அன்றைக்குக் காற்று அடித்திருந்தால் வயலிலும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் நெற்கதிர்கள் அசையாமல் நின்றன.

மட்டையை வைக்காமலே கண்ணாடியைப் பூட்டி, ஆணியை அடித்துத் திரும்பவும் மாட்டினேன். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. படமும் முன்னைப் போல அழகாக இல்லை. ஓரத்தில் யாருடையதோ ஒரு கை துருத்திக்கொண்டிருந்தது.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.